ஒரு கணக்கோடு ஒரு கோடை

ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில், ஒதெஸா நகரத்துக் கணித ஆசிரியர் சாமுவில் ஷாதுனோவ்ஸ்கிக்கு டியூஷன் சம்பளமாகப் பிரெஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். ரூபிள் நோட்டு காகிதமாகிப்போயிருந்தது. மிட்டாய்க்கு மதிப்பு இருந்தது. டியூஷன் வைத்தவர் ஊரில் பெயர்பெற்ற எக்ஸ்ரே மருத்துவர். வைத்தது தன் மகனுக்காகத்தான். நானும் உட்காரட்டுமா என்று கேட்டு ஓர் உறவுக்காரப் பையனும் கூடவே சேர்ந்துகொண்டான். அந்தப் பையன் பெயர் ஆர்னால்ட் ராஸ்.

ராஸ் பிறந்தது சிகாகோவில், 1906-ல். சிறு வயதில் ஒதெஸாவுக்குப் போய், 1922-ல் சிகாகோ திரும்பி, எண் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்று, நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்குத் தலைவரானார். 1957 கோடையில் அங்கே பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு ஒரு கணிதப் பயிற்சி நடத்தினார். அதில் ஆர்வமுள்ள சில உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் உட்கார வைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்க அரசு பதறிப்போய் அறிவியல் கல்விக்குப் பணத்தைக் கொட்ட, கோடைப் பயிற்சிகள் பெருகின. 1959-ல் கலிஃபோர்னியாவின் ஒஹாயில் தொடங்கிய 'சம்மர் சயின்ஸ் புரோகிராம்' அவற்றில் ஒன்று. பிள்ளைகள் இரவில் கண்விழித்து ஒரு சிறுகோளைப் படம்பிடித்து, அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே கணக்கிடுவது அங்கே வேலை. அது இன்றும் நடக்கிறது. ராஸின் பயிற்சியும் நடக்கிறது. 1964-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவரோடு இடம்பெயர்ந்து, 2002-ல் அவர் மறைந்த பிறகும் அவருடைய மாணவர்கள் அதை விடாமல் நடத்திவருகிறார்கள்.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கூட்டல், பெருக்கல், வகுத்தல். விளையாட்டுக்குச் சொல்வதல்ல. பாடம் முழு எண்களைப் பற்றியதுதான். 1, 2, 3 என்று விரல் விட்டு எண்ணுகிற அதே எண்கள். எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பது ராஸ் ஓயாமல் சொன்ன பாடம். நாள்தோறும் காலையில் ஒரு விரிவுரை, கையில் ஒரு தாள் நிறையக் கணக்கு. மீதி நேரமெல்லாம் பிள்ளைகளுடையது. முந்தைய ஆண்டுகளில் அங்கே படித்துப் போன கல்லூரி மாணவர்கள் விடுதியில் அவர்களோடேயே தங்கி, எழுதியதைப் படித்துப் பார்த்து, "இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்பார்கள். விடையைச் சொல்ல மாட்டார்கள்.

தாளில் அடிக்கடி வரும் ஓர் உத்தரவு ராஸ் மாணவர்களிடையே மிகப் பிரபலம்: நிறுவு, அல்லது பொய்யென்று காட்டு, முடிந்தால் திருத்திக் காப்பாற்று.

இந்த வகைக் கணக்குக்கு ஓர் உதாரணம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று ஒருவர் சொல்கிறார். சரியா? 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். 10-க்கு 151, அதுவும் சரி. 20, 30, 35 எதைப் போட்டாலும் சரியாகவே வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்து எண் போட்டுப் பார்த்தாலே நம்பிவிடும். பள்ளித் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்கூடக் கிடைக்கலாம். ஆனால் 40 போட்டால் 1681 வருகிறது. அது 41-ஐ 41-ஆல் பெருக்கியது. சொன்னது பொய். நாற்பது முறை மெய்யாக இருந்துவிட்டு நாற்பத்தொன்றாவது முறை பொய்யாவது எப்படி, ஏன் சரியாக அந்த இடத்தில், எதை மாற்றினால் சொன்னது நிற்கும்? இந்தக் கேள்விகளோடு ஒரு பிள்ளை மூன்று நாள் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் கிடையாது. ஒரு கணக்குக்கு நான்கு நிமிடம், அதற்குள் முடியாவிட்டால் அடுத்த கேள்வி.

இன்னொன்றும் பார்க்கலாம். 5 என்பது 1-ம் 4-ம். 13 என்பது 4-ம் 9-ம். 17 என்பது 1-ம் 16-ம். 29 என்பது 4-ம் 25-ம். இந்தப் பகா எண்களெல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வருகின்றன. 3, 7, 11, 19, 23 வருவதில்லை. எது வரும், எது வராது? பட்டியல் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு மத்தியானத்தில் விடை தட்டுப்பட்டுவிடும்: 2-ஐ ஒதுக்கிவிட்டால், நான்கால் வகுத்து மீதி 1 வருகிற பகா எண்கள் வரும், மீதி 3 வருபவை வராது. வராதவை ஏன் வராது என்பதற்குக் காரணம் சொல்வது சுலபம். மற்றவை ஏன் கட்டாயம் வரும் என்று நிறுவுவதுதான் பாடு. கணித மேதை ஃபெர்மா இதை 1640-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆய்லர் நிறுவி முடிக்க அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கோடைப் பயிற்சிக்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை சில வாரங்களில், பிறர் கைபிடித்து இழுக்காமல், அந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆய்வகம் வேண்டாம், கணினி வேண்டாம், ரோபோ பொம்மை வேண்டாம். வெள்ளைத் தாளும் பென்சிலும் நேரமும் போதும்.

கோடைக்காலக் கல்விப் பயிற்சி என்ற சொல்லுக்குத் தகுதியானது இப்படிப்பட்டதுதான். பள்ளி ஆண்டில் செய்யவே முடியாத ஒன்றைச் செய்வதற்கே கோடை. பள்ளி ஆண்டில் செய்வதை இன்னொரு முறை செய்வதற்கு அது எதற்கு?

தமிழ்நாட்டில் ஏப்ரல் பிறந்தவுடன் தெருக்கம்பங்களில் 'சம்மர் கேம்ப்' தட்டிகள் தொங்குகின்றன. அபாகஸ், ஃபோனிக்ஸ், வேதக் கணிதம், கோடிங், ரோபோட்டிக்ஸ், கராத்தே, கீபோர்டு. பத்து நாள், பதினைந்து நாள், முடிவில் ஒரு சான்றிதழும் ஒரு குரூப் போட்டோவும். சின்னப் பிள்ளைகளுக்கு இதில் கெடுதல் ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பகல் முழுக்கப் பிள்ளையை விட்டுவைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அதுவும் நியாயமான தேவைதான். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குக் கோடை என்பது அடுத்த ஆண்டுப் பாடத்தின் முன்பதிவு. ஒன்பது முடித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்று முடித்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், பன்னிரண்டு எழுதியவர்களுக்கு நீட் கிராஷ் கோர்ஸ். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை ஏறக்குறைய ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. தனியார் பள்ளிகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் நடத்துகின்றன. சீருடை வேண்டாம், கலர் டிரஸ்ஸில் வந்தால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது பழகிய தந்திரம்.

பாடத்தை முன்கூட்டி நடத்தி முடிப்பதைப் பெற்றோர் பெரிய லாபமாகப் பார்க்கிறார்கள். மே மாதத்தில் ஒருமுறை, ஜூன் முதல் நவம்பர் வரை ஒருமுறை, டிசம்பர் முதல் திருப்புதல் என மூன்று முறை அதே பாடம். மூன்றாவது முறை அந்தப் பிள்ளைக்கு வருவது பாடமா, அலுப்பா என்று விடுதியில் தங்கிப் படித்த எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பார்க்கலாம்.

இது கையில் காசுள்ள வீட்டுக் கதை. காசில்லாத வீட்டில் கோடை வேறு மாதிரி. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் உதவலாம் என்று அனுமதிக்கிறது. விடுமுறை என்ற சொல் சட்டத்திலேயே அச்சாகியிருக்கிறது. டீக்கடை, தறி, தையல், செங்கல் சூளை, பெட்டிக்கடை என்று எதுவெல்லாம் குடும்பத் தொழில் என்று யார் போய்ப் பார்ப்பது? பெண் பிள்ளைக்கோ சட்டமே தேவையில்லை. வீட்டு வேலை முழுவதும் மே மாதத்தில் அதன் தலையில்தான். பள்ளி மூடினால் சத்துணவும் நிற்கிறது. ஆக, ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஏப்ரலில் பிரிந்து ஜூனில் சேரும்போது, ஒன்று பாதிப் பாடத்தைப் பார்த்துவிட்டு வருகிறது, இன்னொன்று கூலிவேலை பார்த்துவிட்டு வருகிறது.

இந்த இடைவெளியைப் பற்றி அமெரிக்காவில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. பால்டிமோர் நகரில் 1982-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஏறக்குறைய 800 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள் சமூகவியலாளர் கார்ல் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறுகிறார்கள், கோடையில்தான் பிரிகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஒன்பதாம் வகுப்பில் தெரியும் இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஆரம்பப் பள்ளிக் கோடைகளே காரணம் என்று 2007-ல் எழுதினார்கள். அந்த முடிவு எங்கும் மேற்கோளானது. பிறகு பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர், அதை நம்பிப் பரப்பியவர்களில் ஒருவரே, புதிய தேர்வு முறைகளைக் கொண்டு சோதித்தபோது அதே முடிவு வரவில்லை என்று 2019-ல் எழுதினார். இடைவெளியின் பெரும்பகுதி பிள்ளை பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே உண்டாகிவிடுகிறது என்பது அவர் வாதம். விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று மாறாது: இடைவெளி எங்கே பிறந்திருந்தாலும், அதைக் குறைப்பதற்குப் பாடத்திட்டத்தின் பிடி இல்லாத மாதம் கோடைதான்.

அதற்குச் சான்று இந்தியாவிலேயே இருக்கிறது. பிகாரில் 2008 ஜூனில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத வாசிப்பு முகாம் நடத்தினார்கள். பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு அவர்களுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் அளந்து பார்த்தார்கள். பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக உயர்ந்தது. இதே முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளி ஆண்டில் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. சொல்லிக்கொடுத்த ஆட்கள் ஒரே வகை, முறையும் ஒன்றே. பள்ளி ஆண்டில் பாடப்புத்தகத்தை முடிக்கும் அவசரம் தலைமேல் இருந்தது, ஜூனில் இல்லை. ஆசிரியரைத் திட்டிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிப்பது நல்லது.

ஆனால் முகாம் வைத்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிட மாட்டார்கள். பாஸ்டன், டல்லாஸ், பிட்ஸ்பர்க் உள்ளிட்ட ஐந்து அமெரிக்க நகரங்களில் இலவசக் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 5000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்களுக்கு 2013, 2014 கோடைகளில் அதைத் தந்தார்கள்; ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் விளைவை ஆராய்ந்தது. இலவசச் சாப்பாடு, இலவசப் பேருந்து, பாடத்தோடு விளையாட்டும் கலையும். அப்படியும் இடம் கிடைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு வரவே இல்லை. இருபது நாளும் அதற்கு மேலும் வந்த பிள்ளைகள் பயனடைந்தார்கள். அவ்வப்போது தலைகாட்டியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து நாள் முகாம் நடத்திவிட்டு மாற்றத்தை எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பயிற்சியின் தரத்தையும் சமத்துவத்தையும் ஒரே கோடையில் சேர்த்துக் காட்டியவர்கள் கணித வல்லுநர்கள்கூட அல்ல. அவர்கள் மிசிசிப்பியில் உரிமைக்குப் போராடிய இளைஞர்கள். வாக்குரிமைப் போராட்டத்தில் இருந்த சார்லஸ் காப் என்ற இளைஞர் 1963 டிசம்பரில் ஒரு திட்டம் எழுதினார்: அடுத்த கோடையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சுதந்திரப் பள்ளிகள்' நடத்துவது. மிசிசிப்பியின் கறுப்பினப் பள்ளிகளில் கேள்வி கேட்பதே குற்றம். கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பள்ளிகளின் முதல் வேலை என்றார் அவர். 1964 கோடையில் ஏறக்குறைய 40 பள்ளிகள் நடந்தன, 2000-க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். தேவாலயத்தின் நிலவறையில், வீட்டுத் திண்ணையில், மரத்தடியில். தங்கள் இனத்தின் வரலாறு, மாநில அரசியல் சட்டம் என்பனவற்றோடு பிரெஞ்சு மொழியும் தட்டச்சும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டு வாங்கிப் படித்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் இருந்த, தங்கள் பள்ளியில் இல்லாத பாடங்கள் அவை.

விலை பெரிது. பள்ளி நடத்த இடம் தர ஒப்புக்கொண்ட மவுண்ட் சயான் தேவாலயத்தை ஜூன் 16-ம் தேதி கொளுத்தினார்கள். சாம்பலைப் பார்த்துவிட்டு வரப்போன மூன்று தொண்டர்கள் ஜூன் 21 இரவு கொல்லப்பட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் வந்தார்கள்.

அந்தக் கோடைப் போராட்டத்தை வழிநடத்தியவர் பாப் மோசஸ், நியூயார்க்கில் கணித ஆசிரியராக இருந்தவர். 1982-ல் அவர் 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' தொடங்கினார். அறுபதுகளில் வாக்குச் சீட்டு எப்படியோ அப்படித்தான் இப்போது இயற்கணிதம். அது இல்லாத பிள்ளைக்கு நாளைய பொருளாதாரத்தில் இடமில்லை என்பது அவர் கடைசிவரை விடாத வாதம். அந்த வாதத்தின் தொடர்ச்சியாகவே 2011-ல் நியூயார்க்கில் டேனியல் ஸஹாரோபோல் தொடங்கிய 'பீம்' அமைப்பைப் பார்க்கலாம். ஏழைப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து ஏழாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, மூன்று வாரம் ஒரு கல்லூரியில் தங்கவைத்து, எண் கோட்பாடும் தர்க்கமும் சொல்லிக்கொடுக்கும் இலவசப் பயிற்சி அது. ராஸ் நடத்தியதும் மோசஸ் கேட்டதும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

மறுபக்கத்தில் வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வளாகங்களைக் கோடையில் வாடகைக்கு எடுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, இரண்டு வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் வாங்கும் நிறுவனங்கள் ஏராளம். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தில் அந்தப் பெயர் இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை விற்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் சில பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளின் பெற்றோர் இதற்குக் கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார்கள். தேர்வுக் கடுமைக்குப் பெயர்போன சில பயிற்சிகளோ பணமே வாங்குவதில்லை. 1984-ல் தொடங்கி, இப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடக்கும் 'ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்' ஆண்டுக்கு நூறு பிள்ளைகள் அளவில்தான் எடுக்கிறது. படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். காசு கேட்டு இடம் உறுதி செய்கிற பயிற்சியைவிட, வடிகட்டி எடுத்துச் சோறும் போடுகிற பயிற்சியை நம்பலாம். ராஸ் பயிற்சிக்கும் இன்று பல ஆயிரம் டாலர் கட்டணம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். முடியாதவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது, என்றாலும் கட்டணத்தைப் பார்த்தே திரும்பிப்போகும் வீடுகள் இருக்கத்தான் செய்யும்.

இந்தியாவுக்கு இவையெல்லாம் அந்நியமல்ல. ராஸ் தன் பாணிப் பயிற்சியை ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஜெர்மனியிலும் தொடங்க உதவியதுபோல் இந்தியாவிலும் உதவினார். அவரிடம் படித்தவர்கள் 1989-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ப்ராமிஸ்' பயிற்சி, சில ஆண்டுகளாகப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் நடக்கிறது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் கோடையில் ஒலிம்பியாட் முகாம்களை நடத்துகிறது. இஸ்ரோ 2019-ல் தொடங்கிய 'யுவிகா' ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மே மாதத்தில் இரண்டு வாரம் தன் மையங்களில் தங்கவைக்கிறது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தருவது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் முதல் ஆண்டில் மாநிலத்துக்கு மூன்று பேர். பின்னாளில் நாடு முழுவதற்குமாக 300-ஐத் தாண்டியது. தமிழ்நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்கள் ஏறக்குறைய 9 லட்சம். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கே தேர்வில் பெரும்பங்கு என்பதால், ஏற்கெனவே முன்வரிசையில் இருக்கும் பிள்ளையே பெரும்பாலும் உள்ளே போகும்.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு மரபும் உண்டு. சென்னை முத்தியால்பேட்டை பள்ளியில் கணிதம் நடத்திய பி.கே.சீனிவாசன், ராமானுஜன் நினைவு மலர்களைத் தொகுத்தவர், தீப்பெட்டியும் காகிதமும் நாள்காட்டியும் வைத்துப் பிள்ளைகளைக் கணிதத்தில் விளையாட விட்டார். அவர் முயற்சியில் ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜன் அருங்காட்சியகம் எழுந்தது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழோடும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டோடும் ஊர் ஊராகப் போனது. கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையும் குப்பையையும் ஆராய்ந்து, தமிழில் அறிக்கை எழுதி, மேடையேறிப் பேசினார்கள். சம்பளம் வாங்காத ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் நடத்திய காரியம் இது. அரசு இதைப் பெரிய அளவில் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

எடுத்துக்கொள்ள என்ன வேண்டும்? கட்டடம் இருக்கிறது. மாவட்டந்தோறும் அரசு கலைக் கல்லூரிகளும் விடுதிகளும் மே மாதத்தில் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்களும் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'க்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் படித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்கள். பொதுமுடக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பியது என்றும், அப்படித் திரும்பியதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்களின் ஆய்வு சொல்கிறது. மாலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு அது. அதே ஊர்களில், இளங்கலை, முதுகலைக் கணிதமும் இயற்பியலும் வரலாறும் படிக்கும் மாணவர்களை விடுதி வழிகாட்டிகளாக எடுத்து, முறையாகச் சம்பளம் கொடுத்து, நான்கு வாரம் பிள்ளைகளோடு தங்கவைக்க முடியாதா? 38 மாவட்டங்களில் மாவட்டத்துக்கு 60 பிள்ளைகள் என்றால் 2280 பேர். ஒரு மாநில அரசுக்கு இது பெரிய எண்ணே அல்ல.

பாடம் கணிதமாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டம் தன் ஊர்க் கல்வெட்டுகளைப் படிக்கலாம்; இன்னொன்று ஏரியின் தண்ணீரையும் பறவையையும் நான்கு வாரம் பதிவு செய்யலாம்; வேறொன்று பழைய பத்திரங்களிலிருந்து ஊரின் நிலக் கதையை எழுதலாம். ஒரே நிபந்தனை, விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கக் கூடாது.

எதிர்ப்புகளில் முதலாவது வெயில். அது நியாயமானது. வெப்பத்தைக் காரணம் காட்டி 2023-லும் 2024-லும் பள்ளித் திறப்பையே ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளினார்கள். தகரக் கூரைக்கு அடியில் முகாம் நடத்தக் கூடாது. வகுப்பு காலையோடு முடியட்டும், மத்தியானம் நிழலில் தாளோடு கழியட்டும், வெளிவேலை விடியலிலும் சாயங்காலத்திலும் நடக்கட்டும். இரண்டாவது எதிர்ப்பு, பிள்ளைகளை விளையாடவே விட மாட்டீர்களா என்பது. கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். விடுமுறையில் நான்கு வாரம் போக மீதி நாளுக்குப் பாட்டி வீடும் கிணற்றடியும் இருக்கவே இருக்கின்றன. விருப்பமில்லாத பிள்ளையை யாரும் இழுத்துவரப் போவதும் இல்லை. மூன்றாவது, ஆசிரியர்களின் விடுமுறையைப் பறிக்கக் கூடாது என்பது. பறிக்கத் தேவையில்லை, விரும்பி வருகிறவருக்கு ஈட்டு விடுப்போ மதிப்பூதியமோ தரட்டும்.

முதல் ஆண்டிலேயே சில தவறுகள் நடந்துவிடக்கூடும். மாவட்ட நிர்வாகம் இதைத் திறப்பு விழா, நிறைவு விழா, நினைவுப் பரிசு என்று ஆக்கிவிடலாம். நீட் பயிற்சி நடத்தும் நிறுவனம் ஒன்று டெண்டர் எடுத்துப் பின்வாசலால் நுழைந்துவிடலாம். அப்படி நுழைந்தால் அன்றைக்கே முகாம் செத்துவிடும். பேருந்துப் பாஸை அந்த நான்கு வாரத்துக்கும் நீட்டித்து, மூன்று வேளைச் சாப்பாடு போட்டு, பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதியும் அவர்கள் வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசும் ஆசிரியைகளும் இருந்தால்தான் உண்மையில் வரவேண்டிய பிள்ளை வரும். மே மாதக் கூலியை விட்டுவிட்டு வரும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு சிறு உதவித்தொகை தருவதும் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு ஏழைப் பிள்ளை ஏன் வரவில்லை என்று பிறகு வியப்பது பாசாங்கு.

தேர்வுமுறைக்கு ராஸ் வழியே போதும். அவருடைய பயிற்சிக்கும் ப்ராமிஸுக்கும் விண்ணப்பத்தின் முக்கியப் பகுதி வீட்டுக்கு வரும் சில கணக்குகள்தான். வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு யோசித்து, முடிந்தவரை எழுதி அனுப்ப வேண்டும். பள்ளிக் கல்வித் துறை வரும் பிப்ரவரியில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தமிழில் நான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாளை அனுப்பட்டும். ஒரு மாதம் அவகாசம் கொடுக்கட்டும். தப்பும் தவறுமாக ஆறு பக்கம் முயன்ற பிள்ளையை, விடையை மட்டும் சரியாக எழுதிய பிள்ளைக்கு முன்னால் எடுக்கட்டும். விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கும் கட்டம் வேண்டாம்.